ரிப்போர்ட்டில் லைம் பாசிட்டிவ்; மாத்திரை வேண்டுமா?

செல்லப்பிராணிகள் கேள்வி-பதில் பகுதியில் இந்த முறை உண்ணியும், உண்ணிக் கடியால் பரவும் லைம் என்ற பாக்டீரியா நோய்க்கான பரிசோதனையும். வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு ஐந்து வயது. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் லைம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஓட்டத்திலோ சாப்பாட்டிலோ ஒரு குறையும் இல்லை. ஒரு டாக்டர் ஒரு மாதம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் எதுவும் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லும் அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. பொரேலியா பர்க்டார்ஃபெரி என்ற சுருள் வடிவ பாக்டீரியா எப்போதோ உடம்பில் நுழைந்தது, நாய் அதை எதிர்த்து ஆன்டிபாடி தயாரித்தது, அவ்வளவுதான் அது காட்டும். போன மாதம் நுழைந்ததா, இரண்டு வருடம் முன்பா, இன்னும் உள்ளே இருக்கிறதா, அதனால் நாய்க்குக் கெடுதல் உண்டா என்பதெல்லாம் கிட்டில் தெரியும் அந்த நிறப் புள்ளியை வைத்துத் தெரியாது. வெளியில் இயல்பாகத் தொற்று வாங்கிய நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இருந்துவிடுகின்றன.

உங்கள் டாக்டர்கள் இருவருக்கும் இடையிலுள்ள கருத்து வேறுபாடு நிபுணர்களிடையேயும் உண்டு. அமெரிக்காவின் கால்நடை உள்மருத்துவ நிபுணர்கள் குழு 2018-ல் வெளியிட்ட கூட்டறிக்கையிலேயே எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஆனால் அறிகுறியும் இல்லை, சிறுநீரில் புரதமும் இல்லை என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. எங்கள் கருத்தும் அதுதான். அதில் 'சிறுநீரில் புரதம் இல்லை என்றால்' என்ற நிபந்தனையைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பாசிட்டிவ் வந்ததும் மாத்திரைச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் செய்யவேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. கூடவே ரத்த அணுக்கள் எண்ணிக்கை. இதே உண்ணி அனாபிளாஸ்மா என்ற இன்னொரு கிருமியையும் சுமப்பதால் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் மாத்திரை இல்லாமல் விட்டுவிடலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சிறுநீரை மட்டும் பாருங்கள். பின்னால் எப்போதாவது காய்ச்சல், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் நொண்டல், மூட்டு வீக்கம், சாப்பாட்டை மறுப்பது என்று வந்தால் அப்போது டாக்ஸிசைக்ளினுக்கு வேலை உண்டு: கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி., ஒரு மாதம். 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 200 மி.கி., சாப்பாட்டோடு. பெரும்பாலும் ஓரிரு நாளில் நாய் எழுந்து நடக்கும். அதை வைத்தே 'லைம்தான்' என்று முடிவு கட்டிவிடவேண்டாம். டாக்ஸிசைக்ளினுக்குக் கிருமியைக் கொல்வதோடு வீக்கத்தைக் குறைக்கும் குணமும் இருக்கிறது. வேறு காரணத்தால் வலித்த மூட்டும் கொஞ்சம் அடங்கும்.

கேள்வி: நேற்று நாயின் காது மடலில் ஒட்டியிருந்த உண்ணியை எடுத்தேன். இன்றே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமா? உண்ணியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதையே லேபுக்கு அனுப்பினால் என்ன?

பதில்: இன்று எடுக்கும் ரத்தம் நேற்றைய கடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. லைம் கிருமியின் சி6 என்ற புரதத் துண்டுக்கு எதிரான ஆன்டிபாடி, நாயின் ரத்தத்தில் பரிசோதனையில் பிடிபடும் அளவுக்கு ஏற மூன்றிலிருந்து ஐந்து வாரம் ஆகும். ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். இன்று பாசிட்டிவ் வந்தால் அது பழைய கடியின் கணக்கு.

இன்னொன்று: உண்ணி ஒட்டிய உடனே கிருமி இறங்கிவிடாது. பசியோடு இருக்கும் உண்ணியின் குடலில் கிருமி அசையாமல் கிடக்கும். சூடான ரத்தம் உள்ளே வந்த பிறகுதான் அது தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டு, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்கிறது. அதற்குப் பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். உண்ணி தட்டையாக இருந்ததா, ரத்தம் குடித்து உப்பியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தட்டையாக இருந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்தீர்கள்.

உண்ணியை லேபுக்கு அனுப்புவதில் பெரிய பயன் இல்லை. உண்ணிக்குள் கிருமி இருந்தது என்று தெரிந்தாலும் அது நாய்க்குள் இறங்கியதா என்று தெரியாது. நீங்கள் எடுத்த உண்ணியில் கிருமி இல்லாமல் இருந்து, கண்ணில் படாத இன்னொன்றில் இருந்திருக்கவும் கூடும். ஆனால் எந்த இன உண்ணி என்று அடையாளம் காண அது உதவும். ஒரு சின்ன டப்பாவில் ஆல்கஹால் ஊற்றிப் போட்டு, தேதியை எழுதி வையுங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது: நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப் பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். வயிற்றைப் பிடித்து அழுத்தக்கூடாது. எண்ணெய், வாசலின், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். வாய்ப்பகுதி தோலில் தங்கிவிட்டால் அதைத் தோண்டி எடுக்கப் போகாதீர்கள். தானே வெளியே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் நாய் நொண்டுகிறது. லைம் டெஸ்ட் நெகட்டிவ். 'டெஸ்ட் சீக்கிரம் எடுத்துவிட்டோம், இன்னும் காட்டவில்லை' என்று சொல்லி மாத்திரை தருகிறார்கள். சரியா?

பதில்: மனிதர்களுக்கு இந்த வாதம் பொருந்தும். நமக்குக் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் வரும்போது ஆன்டிபாடி பெரும்பாலும் ஏறியிருக்காது. நாய்க்கு அந்த வட்டம் தெரிவதில்லை. நொண்டலும் காய்ச்சலும் வர உண்ணி கடித்து இரண்டிலிருந்து ஐந்து மாதம் ஆகும். அதற்குள் ஆன்டிபாடி நன்றாகவே ஏறியிருக்கும். ஆகவே லைமால் நொண்டும் நாய் சி6 பரிசோதனையில் பாசிட்டிவாக இருக்கவேண்டும். நெகட்டிவ் என்றால் முழங்கால் தசைநார், இடுப்பு மூட்டு, அனாபிளாஸ்மா, உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிக்கியா என்று வேறு பக்கம் தேடுங்கள்.

கேள்வி: கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். லைமுக்கு கிளினிக்கிலேயே பார்க்கும் ஸ்நாப் 4டிஎக்ஸ் பிளஸ் கிட்டில் சில நாள் பின்னணி முழுக்க நிறம் ஏறிவிடுகிறது. சில நாள், பரிசோதனை சரியாக ஓடியதைக் காட்டும் கன்ட்ரோல் புள்ளியே வருவதில்லை. எங்கே தவறு நடக்கிறது?

பதில்: பெரும்பாலும் மூன்று இடத்தில்: வெப்பநிலை, ரத்தத்தின் நிலை, அழுத்தும் நேரம்.

கிட்டை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் சாதனம், ரத்தத்தோடு கலக்கும் கான்ஜுகேட் திரவ பாட்டில் இரண்டையும் வெளியே எடுத்து முப்பது நிமிடம் அறை வெப்பத்தில் வையுங்கள். கையில் தேய்த்தோ வெந்நீரில் வைத்தோ சூடேற்ற வேண்டாம். ரத்தமும் அறை வெப்பத்துக்கு வந்திருக்கவேண்டும். முழு ரத்தம் என்றால் உறையாமல் தடுக்கும் இடிடிஏ அல்லது ஹெப்பரின் குழாயில் எடுத்தது; குழாயைக் குறித்த அளவுக்கு நிரப்பி, எடுத்த உடனே பல முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டவேண்டும். குட்டிக் கட்டிகள் இருந்தால் திரவம் ஓடும் பாதையிலேயே நின்றுவிடும். சீரம், பிளாஸ்மாவும் போடலாம். மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்துச் சிவப்பணு உடைந்த ரத்தம்தான் பின்னணி நிறத்துக்கு வழக்கமான காரணம்.

செய்முறை: சொட்டுக்குழாயால் 3 சொட்டு ரத்தம் புதுக் குழாயில். கான்ஜுகேட் பாட்டிலை நேர் செங்குத்தாகப் பிடித்து 4 சொட்டு. சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். மூடி, 3 முதல் 5 முறை புரட்டிக் கலக்குங்கள். குலுக்கி நுரை கிளப்ப வேண்டாம். சாதனத்தைச் சமதளத்தில் வைத்து, மொத்தத்தையும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். திரவம் முடிவு தெரியும் ஜன்னலைக் கடந்து மறுபக்கம் உள்ள வட்டத்துக்கு வர 30 முதல் 60 விநாடி ஆகும். இந்த ஒரு நிமிடம் அதைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. வட்டத்தில் நிறம் முதன்முதலாகத் தலைகாட்டிய கணமே பித்தானை முழுக்க உள்ளே போகும்படி அழுத்துங்கள். வட்டம் முழுக்க நிறமாகட்டும் என்று காத்திருந்தால் தாமதம். சில மாதிரிகளில் 60 விநாடி ஆகியும் வட்டத்தில் நிறம் வராது. திரவம் ஜன்னலைக் கடந்திருந்தால் அப்போதே அழுத்திவிடலாம். பித்தான் அரைகுறையாக இறங்கினால் கழுவும் திரவம் சரியாக ஓடாது.

சரியாக 8 நிமிடத்தில் படியுங்கள். கன்ட்ரோல் புள்ளி வரவில்லை என்றால் அந்த முடிவு செல்லாது. புதுச் சாதனத்தில் மறுபடி செய்யவேண்டும். லைம் புள்ளி எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ். 'லேசாகத்தான் இருக்கிறது, லேசான தொற்று' என்று நாய்க்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். நிறத்தின் அடர்த்தி அளவுகோல் இல்லை. இன்னொரு வேண்டுகோள்: முடிவைக் குறிக்கும்போது 'லைம் நோய்' என்று எழுதாமல் 'லைம் ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் அந்தச் சீட்டைப் பார்ப்பவர் குழம்பமாட்டார்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு லைம் பாசிட்டிவ், சிறுநீரில் யு.பி.சி. 0.7. கிட்னி போய்விட்டதா?

பதில்: ஒரே ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. யு.பி.சி. என்பது சிறுநீரிலுள்ள புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். நாய்க்கு 0.2-க்குக் கீழே இருந்தால் நல்லது, 0.2 முதல் 0.5 வரை எல்லைக்கோடு, 0.5-ஐத் தாண்டினால் புரதம் கசிகிறது என்று பொருள். ஆனால் சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தாலும், ரத்தம் கலந்திருந்தாலும் எண் ஏறும். முதலில் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தேவையானால் கல்ச்சர் செய்து அதைக் கழித்துவிடவேண்டும். பிறகு குறைந்தது இரண்டு வார காலத்தில் இரண்டு மூன்று முறை திரும்பப் பார்க்கவேண்டும். செலவைக் குறைக்க ஒரு வழி: மூன்று நாள் மாதிரியிலிருந்தும் சம அளவு எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே பரிசோதனையாகச் செய்யலாம். மூன்றின் சராசரிக்கு ஒப்பாகவே வரும்.

வீட்டில் பிடிப்பது சிரமமில்லை. காலையில் முதலில் வெளியே விடும்போது, நீளக் கைப்பிடி உள்ள சுத்தமான கரண்டியை நடுவில் நீட்டுங்கள். முதல் தாரையை விட்டுவிட்டுப் பிடிப்பது நல்லது. 5 மில்லி போதும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நாய் லாப்ரடார் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். லைம் சிறுநீரக அழற்சி அரிதானது. பாசிட்டிவ் நாய்களில் மிகச் சிலவற்றுக்குத்தான் வருகிறது. ஆனால் வருபவற்றில் லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் அதிகம். கிருமி நேரடியாகச் சிறுநீரகத்தைத் தின்பதில்லை. ஆன்டிபாடியும் கிருமிப் புரதமும் சேர்ந்த கூட்டுப்பொருள் சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படிந்து அதைக் கெடுக்கிறது. அதனால் கசிவு உறுதியானால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. ரத்தத்தில் ஆல்புமின், கிரியேட்டினின், ரத்த அழுத்தம் பார்த்து, கசிவைக் குறைக்கும் மருந்து, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, சிறுநீரக உணவு என்று போகவேண்டும். சில நாய்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தும் தேவைப்படும். வாந்தி, எடை குறைவது, கால் வீக்கம், வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் குடிப்பது இதில் எது தெரிந்தாலும் அன்றே கூட்டிப் போங்கள்.

கேள்வி: லைம் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அதனால்தான் பாசிட்டிவ் வருகிறதோ?

பதில்: சி6 பரிசோதனை என்றால் இல்லை. சி6 என்பது கிருமி பாலூட்டியின் உடம்புக்குள் வந்த பிறகே வெளிக்காட்டும் ஒரு புரதத்தின் துண்டு. தடுப்பூசிகளில் அது இல்லை. பழைய முறையில் முழுக் கிருமியையும் வைத்துச் செய்யும் எலைசா, ஐ.எஃப்.ஏ. பரிசோதனைகள் தடுப்பூசிக்கும் ஏமாறும், சில சமயம் எலிக்காய்ச்சல் கிருமிக்கும் ஏமாறும்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வகத்தின் மல்டிபிளெக்ஸ் பரிசோதனை கிருமியின் ஆஸ்ப் எனப்படும் மேலுறைப் புரதங்கள் மூன்றுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தனித்தனியாக எண்ணில் தருகிறது: ஆஸ்ப்-ஏ தடுப்பூசியைக் காட்டும், ஆஸ்ப்-சி புதுத் தொற்றை, ஆஸ்ப்-எஃப் நாள்பட்ட தொற்றை. இதில் ஒரு சிக்கல் உண்டு. புதுவகைத் தடுப்பூசிகள் சிலவற்றில் ஆஸ்ப்-சியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊசி போட்ட நாய்க்கு ஆஸ்ப்-சி ஏறியிருப்பதைப் பார்த்துப் 'புதுத் தொற்று' என்று படித்துவிடக்கூடாது. மாதிரி அனுப்பும் படிவத்தில் ஊசியின் பெயரையும் தேதியையும் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: சி6 ஆன்டிபாடியை அளந்து எண்ணில் தரும் குவான்ட் சி6 பரிசோதனையில் எண் 214 இருந்தது. மாத்திரை முடித்து ஆறு மாதம் கழித்து 96. ஆனால் கிளினிக் கிட்டில் இன்னும் பாசிட்டிவ். மறுபடி மாத்திரை வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆறு மாதத்தில் பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கினால் சிகிச்சை வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 214-ல் பாதி 107; நீங்கள் அதற்கும் கீழே. கிட் பல வருடம்கூடப் பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருக்கும். அது தோல்வி இல்லை. தொடக்கத்திலேயே எண் 30-க்குக் கீழே இருந்தால் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முதல் எண் பெரிதாக இருப்பதால் நோய் பெரிது என்றும் ஆகாது. எண் குறைந்து, பின்னொரு வருடம் திடீரென ஏறினால் புதிதாக ஒரு உண்ணி கடித்திருக்கிறது. உண்ணி மருந்து எந்த மாதம் விட்டுப்போனது என்று பாருங்கள்.

கேள்வி: ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முடியாது. இந்தக் கிருமி ரத்தத்தில் அதிகம் சுற்றுவதில்லை. தோலிலும் மூட்டுச் சவ்விலும் ஒளிந்திருக்கும். ரத்தப் பி.சி.ஆருக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நாய் லைம் பரவும் பகுதிக்குப் போனதே இல்லை. அதன் மேல் இருப்பது சாதாரணப் பழுப்பு நாய் உண்ணி. பிறகு எப்படிப் பாசிட்டிவ்?

பதில்: லைமைப் பரப்புவது இக்ஸோடிஸ் இன உண்ணிகள் மட்டும். வட அமெரிக்காவின் கிழக்கில் கருங்கால் உண்ணி, மேற்குக் கரையில் அதன் உறவு இனம், ஐரோப்பாவில் இக்ஸோடிஸ் ரிசினஸ், அங்கிருந்து ஆசியாவின் வடபகுதி வரை இக்ஸோடிஸ் பெர்சுல்கேட்டஸ். பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா, பேபிசியா என்ற வேறு கிருமிகளைத் தரும்; லைம் தராது.

தொற்று அபூர்வமான இடத்தில் நல்ல பரிசோதனையும் ஏமாற்றும். ஒரு கணக்கு: 1000 நாய்கள், அவற்றில் உண்மையிலேயே தொற்று 5-க்குத்தான். தொற்றில்லாத நாய்களில் 100-க்கு 99-ஐச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் பரிசோதனை, மீதி 995-ல் சுமார் 10 நாய்களைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும். ஆக வரும் 15 பாசிட்டிவில் 10 பொய். உங்கள் நாய் பெரும்பாலும் அந்தப் பத்தில் ஒன்று. வேறு முறையில், அதாவது மல்டிபிளெக்ஸிலோ வெஸ்டர்ன் பிளாட்டிலோ, உறுதி செய்யாமல் எதுவும் செய்யவேண்டாம். தத்தெடுத்த நாய் என்றால் முன்பு எங்கே இருந்தது என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: குதிரைக்கு உடம்பு விறைப்பு, சவாரிக்கு மறுக்கிறது. லைம் டெஸ்ட் பாசிட்டிவ்.

பதில்: லைம் பரவிய பகுதியில் ஆரோக்கியமான குதிரைகளே ஏராளமாகப் பாசிட்டிவ் ஆகும். குதிரையில் லைமால் வருவது என்று உறுதியாகக் காட்டப்பட்டவை சில மட்டும்: நரம்பு மண்டலப் பாதிப்பு, கண்ணின் உள் அழற்சி, உண்ணி கடித்த இடத்தில் தோல் கட்டி. வெறும் விறைப்பைப் பாசிட்டிவோடு முடிச்சுப்போடும் முன் குளம்பு, முதுகு, பல், சேணம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். நரம்புப் பாதிப்பு சந்தேகம் என்றால் சீரத்தோடு முதுகுத்தண்டு நீரையும் எடுத்து இரண்டிலும் ஆன்டிபாடியை ஒப்பிடுவார்கள். அதுவும் சில குதிரைகளைத் தவறவிடும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: டாக்ஸிசைக்ளினைக் குதிரைக்கு நரம்பு வழியாக ஏற்றவே கூடாது, இதயம் நின்றுவிடும். ஊசியாகக் கொடுக்க ஆக்ஸிடெட்ராசைக்ளின் இருக்கிறது. வாய்வழியாக மினோசைக்ளின் அல்லது டாக்ஸிசைக்ளின்.

கேள்வி: பூனைக்கும் பரிசோதிக்கவேண்டுமா?

பதில்: வழக்கமாகத் தேவையில்லை. பூனைக்குத் தொற்றும், ஆன்டிபாடியும் வரும். நோயாக மாறுவது மிக அரிது. சி6 கிட்டைப் பூனை ரத்தத்தில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றாலும் கிட் நாய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்டது. வேறு காரணத்துக்காகப் பூனைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே சில மில்லி தண்ணீர் ஊட்டிவிடுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகி, குழாய் சுருங்கிவிடும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூனைக்கு விஷம். போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுக்காமல் மருந்து காயும்வரை பிரித்து வையுங்கள்.

கேள்வி: நாய் பாசிட்டிவ். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். அவர்களுக்கும் மருந்து கொடுக்கவேண்டுமா?

பதில்: நாய் நக்குவதாலோ, சிறுநீராலோ, கூடப் படுப்பதாலோ வராது. நாய் பாசிட்டிவ் என்றால் நாய் போன இடத்தில் கிருமியுள்ள உண்ணி இருக்கிறது. அங்கே நீங்களும் போயிருப்பீர்கள். அதனால் மருந்து வேண்டாம், தேடல் வேண்டும். கசகசா அளவே இருக்கும் உண்ணிக்குஞ்சுதான் மனிதருக்கு அதிகம் தொற்று தருகிறது. வெளியே போய் வந்ததும் குழந்தைகளின் தலைமுடி, காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டி, முழங்காலுக்குப் பின்புறம் பாருங்கள். நாய்க்கு விரல் இடுக்கு, காது உள்மடல், கழுத்துப் பட்டைக்கு அடியில். போட்டுப் போன துணியைத் துவைப்பதற்கு முன்னால் உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஒட்டியிருக்கும் உண்ணி செத்துவிடும். முதலில் துவைத்தால், வெந்நீராக இல்லாவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். குழந்தைக்குச் சிவப்பு வட்டமோ காய்ச்சலோ வந்தால், நாயின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள்.